கெனன் பி-க்கு முகம் எடுக்க மலிவாக ஒரு லென்ஸ்: 100 மி.மீ. எஃப் 3.5

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ரேஞ்ச்பைண்டர் கமரா (ஜன்னலில் தெரிகிற இரண்டு உருவத்தை ஒன்றுசேர்த்துத் தூரம் பிடிக்கிற கமரா) ஒன்று உங்கள் கையில் இருக்கிறது, ஆட்களின் முகங்களை எடுக்க ஒரு லென்ஸ் தேடுகிறீர்கள், காசும் அளவாகத்தான் இருக்கிறது என்றால், எஃப் 2, எஃப் 1.8 என்ற எண்களுக்குப் பின்னால் ஓடாதீர்கள் (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் கூடத் திறந்து, வெளிச்சத்தைக் கூட உள்ளே விடும்). உள்ளே கண்ணாடி துப்புரவாக இருக்கிற, உங்கள் கமராவின் ரேஞ்ச்பைண்டரோடு ஒத்துப்போகிற, சின்ன எஃப் 3.5 அல்லது எஃப் 4 லென்ஸ் ஒன்றை எடுங்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருடம் போனது, ஒரு லென்ஸின் காசும் போனது. இன்னொருவருக்கு அப்படிப் போகக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கமரா கெனன் பி. 1950களின் கடைசியில் ஜப்பானில் வந்தது. பெயரில் இருக்கிற பி, ‘பொப்புலெயர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்து. ஜேர்மனியில் இருக்கும் மாமா அங்கே ஒரு பழைய சாமான் சந்தையில் வாங்கி வைத்திருந்து, ஊருக்கு வந்தபோது 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸோடு என்னிடம் தந்துவிட்டுப் போனார். நாங்கள் இருப்பது முத்தையன்கட்டில், இடதுகரைப் பக்கம். இங்கே எங்கள் வீட்டிலும் சரி, பக்கத்து வீடுகளிலும் சரி, 2009க்கு முந்திய படம் என்று தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போகும்போது முதலில் அலுமாரி போனது, பிறகு ட்ரங்குப் பெட்டி, கடைசியில் தோளில் தொங்கிய பையும் போனது. கலியாண அல்பம் எல்லாம் எந்தப் பங்கருக்குள் கிடந்து உக்கியதோ தெரியாது. அப்பம்மாவுக்கு 81 வயது. அவரிடம் இருந்த ஒரே படம் அடையாள அட்டையில் இருக்கிற அந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆகவே எனக்கு இந்தக் கமரா கையில் வந்ததும் பூவையோ குளத்தையோ எடுக்கத் தோன்றவில்லை. அப்பம்மாவின் முகத்தை ஒழுங்காக ஒருதரம் எடுக்க வேண்டும், பிறகு இந்த ஒழுங்கையில் இருக்கிற வயதானவர்கள் எல்லோரையும் எடுக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

கைத்தொலைபேசியில் எடுக்கலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எடுத்தேன், நூற்றுக்கணக்கில் எடுத்தேன். தொலைபேசி தண்ணீரில் விழுந்த அன்று அத்தனையும் போய்விட்டது. நெகட்டிவ் கையில் இருப்பது எனக்கு ஒரு நிம்மதி.

சரி, லென்ஸுக்கு வருவோம். மி.மீ. எண் கூடக் கூட, அதே தூரத்தில் நிற்கிற ஆள் படத்தில் பெரிதாக விழுவார். 50 மி.மீ. லென்ஸில் முகம் எடுக்க முடியாதா என்றால், எடுக்கலாம். ஆனால் கிட்டப் போக வேண்டும். 1 மீற்றர் தூரத்தில் நின்றால் 50 மி.மீ. லென்ஸுக்குள் ஏறத்தாழ 70 சென்ரிமீற்றருக்கு 47 சென்ரிமீற்றர் அளவான இடம் விழும். நெடுக்காகப் பிடித்தால் தலையும் நெஞ்சும். இதற்கு மேல் இந்தக் கமரா கிட்டப் போகவும் விடாது, ரேஞ்ச்பைண்டர் அதோடு நின்றுவிடும். அந்தத் தூரத்தில் மூக்கு கொஞ்சம் பெருத்தும் காதுகள் பின்னுக்குப் போயும் தெரியும். அது லென்ஸின் பிழை இல்லை, கிட்டப் போனதன் பிழை. அதைவிடப் பெரிய சிக்கல் எதிரே இருக்கிற ஆள். “என்ன ராசா, மூக்குக்குள்ள கமராவைக் கொண்டு வாறாய்” என்று அப்பம்மா கதிரையோடு பின்னுக்குச் சாய்ந்துவிட்டார். சாய்ந்ததும் தாடை உயர்ந்தது, கழுத்து இறுகியது, முகம் அடையாள அட்டை முகமாகிவிட்டது. 100 மி.மீ. லென்ஸ் போட்டு 2 மீற்றர் தள்ளி நின்றால் அதே அளவு இடம்தான் படத்துக்குள் வரும், ஆனால் நடுவில் ஒரு வாங்கு போடுகிற அளவுக்கு வெளி இருக்கும். அந்த வெளியில் ஆள் கதைத்துக்கொண்டே இருப்பார், கமராவை மறந்துவிடுவார். எனக்கு வேண்டியது அதுதான்.

ரேஞ்ச்பைண்டருக்கு முகம் எடுக்கிற லென்ஸ் என்றால் 85, 90, 100, 105 என்ற அளவுகளில் வரும். 135 உம் இருக்கிறது, ஆனால் கண்ணால் பார்க்கிற ஜன்னலில் அது ஒரு தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும், போக்கஸும் தவறும், அதை விட்டுவிடலாம். எந்த அளவை எடுப்பது என்பதை லென்ஸைப் பார்த்துத் தீர்மானிக்காமல் உங்கள் கமராவின் ஜன்னலைப் பார்த்துத் தீர்மானியுங்கள். கெனன் பி-யில் 35, 50, 100 என்று மூன்று சட்டங்கள் (படத்துக்குள் விழும் எல்லையைக் காட்டும் கோடுகள்) எந்நேரமும் சேர்ந்து தெரியும். முதல் கிழமை அது குழப்பும், பிறகு பழகிவிடும். ஜன்னல் உருவத்தைச் சிறிதாக்காமல் இருக்கிற அளவிலேயே காட்டும், இரண்டு கண்ணையும் திறந்துவைத்தே பார்க்கலாம். அதில் 100க்குச் சட்டம் இருக்கிறது, 85க்கு இல்லை. கெனன் 7 வைத்திருப்பவர்களுக்கு 85உம் 100உம் இரண்டும் இருக்கும். சோவியத் கமராவான சோர்க்கி-4 வைத்திருந்தால் ஜன்னல் 50க்கு மட்டும்தான், மேலே செருகுகிற தனி வியூபைண்டர் ஒன்று வேண்டும். சோவியத் காலத்துச் சுழல் வியூபைண்டர் ஒன்று இருக்கிறது, 28, 35, 50, 85, 135 என்று ஐந்து கண். அதில் பார்ப்பவர்கள் 85ஐ எடுப்பதுதான் புத்தி. இந்த ஒரு கணக்கை நான் முதலில் போட்டிருந்தால் பாதி அலைச்சல் மிஞ்சியிருக்கும்.

நான் போடவில்லை. எல்லோரும் புகழ்கிற ஜூபிட்டர்-9 இல்தான் போய் விழுந்தேன். 85 மி.மீ., எஃப் 2. 1930களில் சைஸ் (Zeiss) என்ற ஜேர்மன் நிறுவனத்தில் லூட்விக் பெர்ட்டெல வடிவமைத்த சோனார் லென்ஸின் வழியில் வந்தது, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சோவியத்தில் செய்தார்கள். ஏழு கண்ணாடி மூன்று தொகுதியாக, அபேச்சருக்கு (வெளிச்சம் போகிற துளைக்கு) 15 இதழ்கள். படங்களைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்து, இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் “எம்39, லைக்கா திருகுக்குப் பொருந்தும்” என்று எழுதியிருந்ததை நம்பி (லைக்கா ஜேர்மன் ரேஞ்ச்பைண்டர் கமரா, கெனன் பி-க்கும் அதே திருகுதான்) வாங்கி, மாமாவின் முகவரிக்கு அனுப்பச் சொன்னேன். மாமா வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்தார். திருகினேன், அழகாக ஏறி உட்கார்ந்தது. ஆனால் போக்கஸ் வளையத்தைச் சுற்றினால் ஜன்னலில் ஒன்றும் அசையவில்லை. ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்த்தால் 36 படமும் பனி மூட்டத்துக்குள் நிற்கிறது.

காரணம் இதுதான், கவனமாக வாசியுங்கள். எம்39 என்பது திருகின் விட்டம் மட்டும். அதே 39 மி.மீ. திருகில் செனிட் என்ற எஸ்.எல்.ஆர். (லென்ஸுக்குள்ளாலேயே பார்த்து எடுக்கிற) கமராவுக்கும் லென்ஸ்கள் செய்தார்கள். ரேஞ்ச்பைண்டரில் லென்ஸ் உட்காரும் முகத்திலிருந்து பிலிமுக்கு 28.8 மி.மீ. தூரம், செனிட்டில் 45.2 மி.மீ. செனிட் லென்ஸை ரேஞ்ச்பைண்டரில் பூட்டினால் அது பிலிமுக்கு 16 மி.மீ.க்கு மேல் கிட்டப் போய்விடும், எதுவுமே போக்கஸில் வராது. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ரேஞ்ச்பைண்டர் லென்ஸ் என்றால், போக்கஸ் வளையத்தைச் சுற்றும்போது பின்னால் ஓர் உலோக வளையம் முன்னும் பின்னும் நகரும். அதுதான் கமராவுக்குள் இருக்கும் சின்னக் கையைத் தள்ளுவது. செனிட் லென்ஸில் அந்த வளையம் இல்லை. ஜூபிட்டர்-9 இல் இன்னோர் அடையாளம், தூர அளவு 1.15 மீற்றரோடு நின்றால் ரேஞ்ச்பைண்டருக்கு உரியது, 0.8 மீற்றர் வரை போனால் செனிட்டுக்கு உரியது. படத்தில் பின்பக்கத்தைக் காட்டாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். படங்களைப் பெருப்பிக்கிற என்லார்ஜர் லென்ஸ்களும் இதே 39 மி.மீ. திருகில் வரும், அதுவும் வேலைக்கு ஆகாது.

திருப்பி அனுப்புகிற காலம் மாமாவின் வீட்டிலேயே முடிந்துவிட்டிருந்தது. அந்த லென்ஸ் இப்போது வவுனியாவில் ஒரு நண்பனிடம் இருக்கிறது, மிரர்லெஸ் டிஜிட்டல் கமராவில் அடப்டர் போட்டுப் பாவிக்கிறான், நன்றாகவே வேலை செய்கிறது. லென்ஸில் குறை இல்லை, என் கமராவுக்கு உரியது இல்லை, அவ்வளவுதான்.

பிறகு யாழ்ப்பாணத்தில் சோர்க்கி-4 வைத்திருக்கும் ஓர் அண்ணையிடம் சரியான ஜூபிட்டர்-9 ஒன்றை இரண்டு கிழமைக்கு இரவல் கேட்டேன், முகம் சுளிக்காமல் தந்தார். இதைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அழகான லென்ஸ். எஃப் 2 இல் தோலின் மேல் ஒரு மெல்லிய பால் ஒளி படிகிறது, பின்னால் இருந்த வேப்பிலைகளும் கிடுகு வேலியும் வட்ட வட்டமாகக் கரைந்துபோகின்றன. அந்த 15 இதழால் எஃப் 4க்கு மூடினாலும் வட்டம் வட்டமாகவே இருக்கிறது. ஆனால் என் கெனனில் அது கண்ணைப் பிடிக்கவில்லை. ஜன்னலில் அப்பம்மாவின் கண்ணில் இரண்டு உருவத்தையும் ஒன்றுசேர்த்துவிட்டு எடுத்தால், படத்தில் காதில் கிடக்கிற தோடு கல்லுக்கல்லாகத் தெரிகிறது, கண் மங்கிக் கிடக்கிறது. சோவியத் லென்ஸ்கள் சைஸின் அளவை வைத்துச் செய்தவை, கெனனும் மற்ற ஜப்பான்காரரும் லைக்காவின் அளவை வைத்துச் செய்தவர்கள். இரண்டுக்கும் வித்தியாசம் மிகச் சிறிது, தூரத்தில் எடுத்தால் தெரியவே தெரியாது, கிட்டத்தில் அபேச்சரைத் திறந்துவைத்து எடுக்கும்போது அகப்பட்டுவிடும். 85 மி.மீ. எஃப் 2 இல் ஒன்றரை மீற்றர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர்தான். கண்ணுக்கும் காதுக்கும் இடையில் அதைவிடக் கூடுதல். அதற்குள் பிழை விட இடமே இல்லை. கெனன் பி-யின் ரேஞ்ச்பைண்டர் நல்லதுதான், ஆனால் அதன் அடித்தூரம் (தூரம் பிடிக்கிற இரண்டு கண்ணுக்கும் இடைவெளி, கூடினால் நுட்பமும் கூடும்) 41 மி.மீ., லைக்கா எம்3 இல் கணக்குப் பார்த்தால் 62 மி.மீ. வரும். நீண்ட லென்ஸில் அகலத் திறந்து எடுக்க அந்த அடித்தூரம் முக்கியம்.

சோர்க்கியோ, பெட் என்ற இன்னொரு சோவியத் கமராவோ வைத்திருப்பவர்களுக்கு இதையே சொல்ல மாட்டேன். லென்ஸும் கமராவும் ஒரே அளவில் செய்தவை, அந்த அண்ணையின் சோர்க்கியில் அதே லென்ஸ் கண்ணிமையை எண்ணுகிற அளவுக்கு எடுத்தது. உங்களுக்கு ஜூபிட்டர்-9ஐயே வாங்குங்கள் என்பேன். (சோர்க்கிக்காரர்கள் மறக்கக் கூடாதது: பிலிமை இழுத்து ஷட்டரை ஏற்றிய பிறகுதான் ஸ்பீட் டயலைத் தொட வேண்டும். அதோடு அதன் திரை துணி. எங்கள் வெயிலில் மூடியைக் கழற்றிவிட்டுக் கமராவைச் சூரியனுக்கு முகம் காட்டி வைத்தால் துணியில் ஓட்டை எரிந்துவிடும். கெனன் பி-யின் திரை உலோகம், எரியாது, ஆனால் விரல் பட்டால் மடிந்து சுருங்கும்.)

மூன்றாவது, லைக்காவின் எல்மார், 90 மி.மீ. எஃப் 4. நாலே கண்ணாடி. 1930களின் தொடக்கத்திலிருந்து பல வருடம் செய்தபடியால் நிறையக் கிடக்கிறது, லைக்காப் பெயருக்கு இது மலிவு. எனக்கு 70 யூரோவுக்குக் கிடைத்தது. மெலிந்த, நீண்ட, கையில் பிடிக்க இனிமையான சாமான். 90க்கு என் ஜன்னலில் சட்டம் இல்லை, 100 சட்டத்துக்கு வெளியே ஒரு விரல்கடை கூட வரும் என்று மனதில் வைத்து எடுத்தேன், அது பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை உள்ளே இருந்த புகார், அதாவது கண்ணாடியில் படிகிற மங்கல். பகலில் வீட்டு ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தால் கண்ணாடி பளிங்காகத் தெரிந்தது, ரோச் லைற்றைப் பின்னால் பிடித்து முன்னால் பார்த்தபோதுதான் உள்ளே மூச்சு விட்ட மாதிரி ஒரு வெள்ளைப் படலம். படத்தில் கறுப்பு கறுப்பாக வரவில்லை, எல்லாம் சாம்பல். நிழலில் எடுத்த படங்கள் சிலது அந்த மென்மையால் அழகாகவும் வந்தன, பக்கத்து வீட்டு ஐயா ஒருவரின் வெள்ளைத் தாடி முகம் அதில் எடுத்ததுதான், அதை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஆனால் பின்னால் வயல் வெளிச்சம் வந்தால் முகம் கழுவுண்டு போய்விடுகிறது. இதைக் கழற்றித் துப்புரவாக்குகிற ஆளை நான் கிளிநொச்சியிலும் தேடினேன், முல்லைத்தீவிலும் தேடினேன், கிடைக்கவில்லை. துப்புரவான எல்மார் ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். பழையவற்றில் அபேச்சர் எண்கள் 4, 6.3, 9, 12.5 என்று போகும், பயப்பட வேண்டாம், அந்தக் காலத்து ஐரோப்பிய எண்கள் அவை.

இனி என் கமராவில் இப்போது இருப்பது. கெனன் 100 மி.மீ. எஃப் 3.5, கறுப்பும் வெள்ளியும் கலந்த உடம்பு. ஜப்பானில் இருந்து ஒரு விற்பனையாளர் அனுப்பினார், 95 யூரோ. இம்முறை ரோச் லைற் அடித்த படம் கேட்டேன், பின்பக்கப் படம் கேட்டேன், இரண்டையும் மறுப்பில்லாமல் அனுப்பினார். கையில் எடுத்தபோது இவ்வளவு சின்னதா என்று இருந்தது. ஏறத்தாழ 200 கிராம்தான், கமராவில் பூட்டியும் கழுத்து இழுபடவில்லை. சைக்கிளில் போகும்போது சட்டைக்குள் தொங்கவிடலாம்.

இதே கதிரை, இதே விறாந்தை, பின்னேரம் நாலரை மணி, முற்றத்து மணலில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம். அப்பம்மா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். எஃப் 4, 125இல் ஒரு விநாடி, எச்.பி.5 என்ற கறுப்பு வெள்ளை பிலிம். கழுவி எடுத்து நெகட்டிவை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோதே தெரிந்துவிட்டது. கண்ணில் ஒன்றுசேர்த்தேன், கண்ணில்தான் கூர்மை விழுந்திருக்கிறது. கண்ணைச் சுற்றி இருக்கிற சுருக்கங்கள் ஒவ்வொன்றும் இருக்கிறது, ஆனால் கத்தியால் கீறியது மாதிரி இல்லை. புதிய டிஜிட்டல் லென்ஸ்கள் வயதானவர்களின் தோலில் காட்டுகிற அந்தக் கொடூரம் இதில் இல்லை. ஜூபிட்டரின் பால் ஒளியும் இல்லை, உண்மைதான். கன்னத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வெளிச்சம் படிப்படியாக இறங்குகிறது, நடுவில் வெட்டு இல்லை. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. அப்பம்மா அப்பம்மாவாக இருக்கிறார்.

குறைகளும் உண்டு. 100 சட்டம் ஜன்னலின் நடுவில் சின்னதாக இருக்கும், கண்ணாடி போடுபவர்களுக்குச் சிரமம் இல்லை, ஆனால் ஆளின் முகபாவத்தை அவ்வளவு சிறிதாகப் பார்த்துப் பழக வேண்டும். என் லென்ஸுக்கு பில்டர் அளவு 34 மி.மீ., கடைகளில் கிடைக்காத அளவு. எதிர் வெளிச்சத்தில் கொஞ்சம் வெளிறும், ஆகவே வெளிச்சத்தை மறைக்கிற ஹூட் கட்டாயம். நான் பழைய பிலிம் டப்பாவை வெட்டி, உள்ளே கறுப்புத் தாள் ஒட்டிப் போட்டிருக்கிறேன். கெனனின் அந்தக் காலத்து லென்ஸ்கள் பலவற்றில் அபேச்சருக்குப் பின்னால் உள்ள கண்ணாடியில் புகார் படிகிறது, இந்த லென்ஸும் விலக்கு இல்லை, பார்த்து வாங்க வேண்டும்.

எஃப் 3.5 போதுமா என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. வன்னி வெளிச்சத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். 400 வேகப் பிலிம் போட்டு நடு வெயிலில் எடுத்தால் எஃப் 16இல் 400இல் ஒரு விநாடி வரும். எஃப் 2க்குத் திறந்தால் 25,000இல் ஒரு விநாடி வேண்டும், கெனன் பி-யின் உச்ச வேகம் 1000இல் ஒன்று. அந்த எஃப் 2ஐ வெயிலில் பாவிக்கவே முடியாது. எப்படியும் நாங்கள் முகத்தை வெயிலில் எடுப்பதில்லை, கண் சுருங்கிவிடும், புருவத்துக்குக் கீழே கறுத்துவிடும். மரநிழலில் எஃப் 5.6, விறாந்தையில் எஃப் 4 என்று எனக்கு 125க்கும் 250க்கும் இடையில் வந்துவிடுகிறது. 100 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 125 இருந்தால் போதும், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2 மீற்றரில் எஃப் 5.6க்கு மூடினால் ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் தெளிவு, மூக்கு நுனியிலிருந்து காது வரை வந்துவிடும். வீட்டுக்குள்ளே, விளக்கு வெளிச்சத்தில், இரவுத் திருவிழாவில் எடுப்பவர்களுக்கு எஃப் 2 வேண்டும்தான், அதை மறுக்கவில்லை. நான் இரவில் முகம் எடுப்பதில்லை.

காசு கூட இருந்தால் நிக்கோர் 105 எஃப் 2.5 இருக்கிறது, கெனனின் 85 எஃப் 1.9உம் எஃப் 1.8உம் இருக்கின்றன. அவற்றின் விலை என் கணக்குக்கு வெளியே, பழைய 85 எஃப் 1.9 நல்ல கனமும். நான் பாவித்துப் பார்க்காததால் இதோடு விட்டுவிடுகிறேன்.

எந்த லென்ஸ் வந்தாலும் பிலிமைச் செலவழிக்க முன் இதைச் செய்யுங்கள். கமராவின் பின்கதவைத் திறந்து, பிலிம் ஓடுகிற இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே மங்கலான ஒட்டுநாடா ஒரு துண்டை இழுத்து ஒட்டுங்கள், ஷட்டர் திரையில் விரல் படாமல். ஸ்பீட் டயலை B என்ற எழுத்தில் (அழுத்திப் பிடிக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும்) வைத்துத் திறந்துபிடித்துக்கொண்டு தூரத்து பனைமரம் ஒன்றைப் பாருங்கள், லென்ஸை முடிவிலியில் வைத்தால் ஒட்டுநாடாவில் பனை தலைகீழாகத் தெளிவாக விழ வேண்டும். அதற்குப் பிறகு மேசையில் ஐந்து தீப்பெட்டியை 3 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சரிவாக அடுக்கி, ஒன்றரை மீற்றர் தள்ளி நின்று நடுப் பெட்டியில் போக்கஸ் பிடித்து, அபேச்சரை முழுதாகத் திறந்து இரண்டு மூன்று படம் எடுங்கள். எந்தப் பெட்டி தெளிவு என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். என் 100இல் நடுப் பெட்டியேதான். இரவல் ஜூபிட்டரில் மூன்று முறையும் கடைசிப் பெட்டி.

வாங்கியதைக் காப்பாற்றுவதும் இங்கே தனி வேலை. சோளகத்தில் செம்மண் புழுதி போக்கஸ் வளையத்துக்குள் போகும், சைக்கிள் பயணத்தில் ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். மாரி அதைவிட மோசம். ஐப்பசியில் தொடங்கினால் தை வரைக்கும் சுவரே ஈரமாகத்தான் இருக்கும், தோல் உறைக்குள் வைத்த லென்ஸில் பூஞ்சணம் சிலந்தி வலை மாதிரிப் பிடிக்கும். தோல் உறையைத் தூக்கி எறியுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை, லென்ஸை மட்டும் அதற்குள் வைக்க வேண்டாம். நான் மூடி இறுக்கமான பிஸ்கற் பேணி ஒன்றில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்கிறேன். சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற அதே பைகள்தான், ஊரில் எல்லோரிடமும் சொல்லிவைத்தால் சேர்ந்துவிடும். மாதம் ஒருமுறை வெயிலில் நன்றாகக் காயவிட்டுத் திரும்பப் போடுகிறேன். லென்ஸையும் இடைக்கிடை எடுத்து வெளிச்சம் காட்ட வேண்டும், அதற்குச் சிறந்த வழி படம் எடுப்பது.

இந்த எட்டு மாதத்தில் இந்த ஒழுங்கையில் 23 பேரை எடுத்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் ஒரு படம் அடித்துக் கொடுக்கிறேன், எட்டுக்குப் பத்து அங்குலத்தில். அப்பம்மாவின் படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்றேன். வேண்டாம் என்று வாங்கி, காணி உறுதியும் குடும்ப அட்டையும் வைத்திருக்கிற பொலித்தீன் பைக்குள் மடியாமல் வைத்து, பையைத் திரும்பத் தலைமாட்டில் வைத்துவிட்டார். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சுவருக்கு என்று இன்னொன்று அடித்தேன்.

மாமா ஆடியில் வருகிறார். 34 மி.மீ. பில்டரும் உலோக ஹூட் ஒன்றும் கிடைத்தால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். எல்மாரை அவரிடம் கொடுத்தனுப்பி அங்கே துப்புரவாக்கலாமா என்றும் கேட்டிருக்கிறேன், லென்ஸ் வாங்கிய விலைக்கு மேல் போகாவிட்டால் செய்யத்தான் எண்ணம்.